புது மானிட்டரில் படம் வரவில்லையா? பதற வேண்டாம், பாதையைப் பாருங்கள்!



டிப்ளமோவில் சேர்ந்த அன்றைக்கே ஊரில் நமக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. "நம்ம பையன் கம்ப்யூட்டரெல்லாம் பாப்பானுங்க" என்பதுதான் அது. நாம் படிப்பது மெக்கானிக்கலா, சிவிலா, எலக்ட்ரானிக்ஸா என்று யாரும் கேட்பதில்லை. புதுச்சத்திரம் மாதிரி ஊரில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் முதல் போன் நமக்குத்தான். அப்படி எனக்கு வந்த அழைப்புகளில் அடிக்கடி வந்தது ஒன்று: "புது மானிட்டர் வாங்கி மாட்டினோம், படமே வரல. என்னன்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தால், சுற்றி நிற்பவர்கள் அதற்குள் தீர்ப்பே எழுதி முடித்திருப்பார்கள். "மானிட்டர் டூப்ளிகேட்டுங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்." நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்தால் வேலை சுலபம்தான். ஆனால் நாம் ஆட்டிய தலைக்கு வேறொருவர் பணம் கட்ட வேண்டியிருக்கும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். புது மானிட்டர் இருட்டாக இருந்தால் கோளாறு மானிட்டரில்தான் என்று பொருளில்லை. படம் கிளம்பும் இடத்திலிருந்து வந்து சேரும் இடம் வரை ஒரு பாதை உண்டு. அதில் எங்கே நின்றுபோனது என்று வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

படம் எந்த வழியாக வருகிறது?

சேலத்தில் கிளம்பிய பஸ் புதுச்சத்திரம் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் பஸ் ஸ்டாப்பை இடித்துப் பார்ப்போமா? சேலத்தில் கிளம்பியதா, மல்லூர் தாண்டியதா, ஆண்டகலூர் கேட் வந்ததா என்றுதானே விசாரிப்போம்? மானிட்டர் என்பது கடைசி ஸ்டாப். அதையும் சேர்த்து மொத்தம் ஆறு நிறுத்தங்கள்.

1. சி.பி.யு. பெட்டிக்குள் பவர் சப்ளை, புராசஸர், ரேம் ஆகியவை சரியாக எழுந்திருக்க வேண்டும்.

2. படத்தைத் தயாரிக்கும் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்ய வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் இது புராசஸருக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் தனி கார்டாக இருக்கும்.

3. பெட்டியின் பின்பக்கத்தில், படம் வெளியே வரும் சாக்கெட்.

4. கேபிள். நடுவில் கன்வர்ட்டர் இருந்தால் அதுவும்.

5. மானிட்டரின் இன்புட் சாக்கெட்டும், எந்த இன்புட்டைப் பார்க்க வேண்டும் என்ற தேர்வும்.

6. பேனலும் அதன் பின்னால் எரியும் விளக்கும்.

கவனித்தீர்களா? ஆறில் முதல் நான்கும் மானிட்டருக்கு வெளியே இருக்கின்றன. ஐந்தாவது பல சமயம் ஒரு பட்டனை அழுத்தும் வேலையோடு முடிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

பாதையில் என்ன ஓடுகிறது?

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில் ஓடுவது அனலாக் சிக்னல். மூன்று வரிசையில் 15 பின்கள். 1, 2, 3 என்ற பின்களில் சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 0.7 வோல்ட். 13-ஆவது பின்னில் ஹரிசான்டல் சிங்க், 14-இல் வெர்டிகல் சிங்க். 640 × 480 படத்துக்கு மறைந்திருக்கும் கோடுகளையும் சேர்த்து 525 கோடுகள், வினாடிக்கு 60 முறை. பெருக்கினால் 31,500. வி.ஜி.ஏ. என்றதும் 31.5 கிலோ ஹெர்ட்ஸ் என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அந்த எண் இப்படித்தான் வந்தது. வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்!

எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வந்தது. இதில் 19 பின்கள், ஓடுவது டிஜிட்டல் சிக்னல். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 முறை என்று கணக்குப் போட்டால் படத்துக்கு மட்டும் வினாடிக்கு சுமார் 298 கோடி பிட்டுகள் அந்தக் கேபிளில் ஓடுகின்றன. 2006-இல் வந்த டிஸ்ப்ளே போர்ட்டும் டிஜிட்டல்தான். அதற்கு 20 பின்கள்.

இந்த வித்தியாசம் எதற்கு? கோளாறு கண்டுபிடிக்கத்தான். வி.ஜி.ஏ. கேபிளில் சிவப்புப் பின் மட்டும் வளைந்து போனால் படம் வரும், ஆனால் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் வரும். கேபிள் தரம் குறைவாக இருந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். டிஜிட்டலில் அப்படி மெல்ல மெல்லக் கெடுவதில்லை. படம் சுத்தமாக வரும். ரொம்ப மோசமான கேபிள் என்றால் புள்ளி புள்ளியாகப் பொரியும், அல்லது விட்டு விட்டு வரும். அதையும் தாண்டினால் முழு இருட்டு. ஆகவே எச்.டி.எம்.ஐ.யில் முழு இருட்டைப் பார்த்து "பெரிய கோளாறு" என்று பயப்பட வேண்டியதில்லை. சின்னக் கோளாறுக்கும் அதே இருட்டுதான்.

படத்துக்கு முன்னால் ஒரு பேச்சு

படம் கிளம்புவதற்கு முன் சி.பி.யு.வும் மானிட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. லேபில் ஹேண்ட்ஷேக் என்று படிக்கிறோமே, அது போன்றதுதான். மானிட்டருக்குள் ஒரு சின்ன மெமரி சிப் இருக்கிறது. அதில் மானிட்டரின் பெயர், தயாரித்த நிறுவனம், எந்தெந்த அளவுப் படம் தனக்கு ஒத்துவரும் என்ற விவரமெல்லாம் பதிந்திருக்கும். இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். அடிப்படை அளவு 128 பைட். வி.ஜி.ஏ.யில் 12, 15 ஆகிய பின்கள் வழியாகவும், எச்.டி.எம்.ஐ.யில் 15, 16 ஆகிய பின்கள் வழியாகவும் சி.பி.யு. இதைப் படித்துக்கொள்கிறது.

எச்.டி.எம்.ஐ.யின் 19-ஆவது பின் இன்னும் முக்கியம். அதற்கு ஹாட் பிளக் டிடெக்ட் என்று பெயர். "நான் வந்துட்டேன்" என்று மானிட்டர் கை தூக்குவது இந்தப் பின்னில்தான். அது சரியாகத் தொடாவிட்டால், சி.பி.யு.வைப் பொறுத்தவரை எதிரில் மானிட்டரே இல்லை. படமும் அனுப்பாது. புது மானிட்டரின் சாக்கெட் கெட்டியாக இருக்கும். பயந்து பயந்து பாதி செருகினால் நடப்பது இதுதான். பார்வைக்குக் கேபிள் மாட்டியிருக்கும், பேச்சு மட்டும் நடந்திருக்காது.

திரை காட்டும் அடையாளங்கள்

டாக்டர் நாடி பிடிக்கும் முன் முகத்தைப் பார்ப்பது போல, நாமும் எதையும் கழற்றும் முன் திரையைப் பார்க்க வேண்டும்.

அ) பவர் விளக்கே எரியவில்லை: இது படப் பிரச்சினை இல்லை, கரண்ட் பிரச்சினை. அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால், அடாப்டர் மேல் அச்சிட்ட வோல்ட் டி.சி. முனையில் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். 12 வோல்ட், 19 வோல்ட் அடாப்டர்கள் வழக்கமாக வருபவை. சில மாடல்களில் பின்பக்கம் தனி சுவிட்ச் உண்டு, அதையும் பாருங்கள்.

ஆ) விளக்கு எரிகிறது, "நோ சிக்னல்" என்று எழுத்து வருகிறது: சந்தோஷப்படுங்கள்! அந்த எழுத்தை எழுதியது மானிட்டர். எழுத்து தெரிகிறது என்றால் பேனல் நலம், பின்விளக்கு நலம், உள்ளே இருக்கும் போர்டுக்கும் உயிர் இருக்கிறது. ஆறாவது நிறுத்தத்தை அங்கேயே அடித்துவிடலாம். சுவிட்ச் போட்டதும் கம்பெனி லோகோ வந்துவிட்டு இருட்டானாலும் இதே அர்த்தம்தான். சிக்னல் வராததால் மானிட்டர் தூங்கப் போயிருக்கிறது.

இ) பயாஸ் எழுத்து வருகிறது, விண்டோஸ் வரும்போது இருட்டு: கேபிள் நன்றாகவே இருக்கிறது. அனுப்பும் படத்தின் அளவோ, டிரைவரோ, எந்தத் திரைக்கு அனுப்புவது என்ற தேர்வோ ஒத்துப்போகவில்லை. "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தாலும் மானிட்டர் தாங்காத அளவில் படம் வருகிறது என்று பொருள். பழைய மானிட்டரை மாட்டி அளவைக் குறைத்து வைத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.

ஈ) திரை கறுப்பு, எழுத்தும் இல்லை, ஆனால் பவர் விளக்கு எரிகிறது: அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வந்து சேர்ந்துவிட்டது, பின்விளக்கு எரியவில்லை. எல்.சி.டி. பேனல் தானாக ஒளி தராது. இது மானிட்டரின் கோளாறேதான். வாரன்ட்டிக்குத் தயங்காமல் அனுப்பலாம்.

எங்கள் ஊரில் பார்த்த ஒரு கேஸ்

எங்கள் ஊரில் ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் அங்கேதான். அவருடைய பழைய மானிட்டர் மங்கிக்கொண்டே வந்தது. சீட்டு எடுத்த பணத்தில் வெளியூர்க் கடை ஒன்றில் புது மானிட்டர் வாங்கி வந்தார். மாட்டினால் "நோ சிக்னல்". விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மறுநாள். கடைக்குப் போன் செய்தால், "கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கணும், பதினஞ்சு நாள் ஆகும்" என்று பதில்.

"என்னங்க தம்பி, இது போயிருச்சா? திருப்பிக் கொடுத்துட்டு வந்தரட்டுமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. மூணே மூணு சோதனை பண்ணிட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

முதலில் மாட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். சி.பி.யு. பழையது, வி.ஜி.ஏ. சாக்கெட் மட்டும்தான். புது மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். ஆகவே கடையில் ஒரு கன்வர்ட்டரையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சி.பி.யு.விலிருந்து வி.ஜி.ஏ. கேபிள், அதன் முனையில் கன்வர்ட்டர், கன்வர்ட்டர் மானிட்டருக்குள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

சோதனை ஒன்று: பழைய மானிட்டரை அதே சி.பி.யு.வில், அதே வி.ஜி.ஏ. கேபிளில் மாட்டினேன். மங்கலாகத்தான், ஆனாலும் படம் வந்தது. ஆக, சி.பி.யு.வும் வி.ஜி.ஏ. கேபிளும் நிரபராதி.

சோதனை இரண்டு: என் நண்பனின் லேப்டாப்பை ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளால் புது மானிட்டரில் மாட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. புது மானிட்டரும் நிரபராதி.

மிச்சம் இருப்பது யார்? கன்வர்ட்டர் ஒன்றுதான்.

சோதனை மூன்று: அந்தக் கன்வர்ட்டரை லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டில் செருகி, மறுபக்கம் பழைய மானிட்டரை மாட்டினோம். அதுவும் வேலை செய்தது! அப்படியானால் கன்வர்ட்டரும் கெட்டுப்போகவில்லை. பிறகு என்னதான் பிரச்சினை?

திசை. அது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது. அக்காவுக்குத் தேவைப்பட்டது வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது. உள்ளே நடக்கும் வேலையே வேறு. ஒன்றில் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சர்க்யூட். மற்றதில் அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் சர்க்யூட். நாம் பாடத்தில் டி.ஏ.சி., ஏ.டி.சி. என்று படிக்கிறோமே, அதேதான். ஒன்றைத் திருப்பி மாட்டினால் இன்னொன்றாக ஆகிவிடாது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சின்னக் கறுப்புப் பெட்டிகள். செருகினால் செருகிக்கொள்ளும்.

மூன்று சோதனைகளின் முடிவையும் ஒரு தாளில் மூன்று வரியாக எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அன்றிரவு நண்பனின் லேப்டாப்பையே புது மானிட்டரில் மாட்டி, பத்து மணி வரை பிள்ளைகளின் விண்ணப்பங்களை அனுப்பி முடித்தார். மறுநாள் அந்தத் தாளோடு கடைக்குப் போனார். பேச்சுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. சரியான கன்வர்ட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். மானிட்டர் அக்காவின் மேசையைவிட்டு நகரவே இல்லை. பதினைந்து நாள் கடையை இழுத்து மூட வேண்டிய பிரச்சினை, திசை மாறிய ஒரு சின்னப் பெட்டியோடு முடிந்தது.

இதே சிக்கல் டிஸ்ப்ளே போர்ட் கேபிளிலும் வரும். ஒரு முனை டிஸ்ப்ளே போர்ட், மறுமுனை எச்.டி.எம்.ஐ. என்று விற்கும் சாதாரண கேபிள்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. என்று மாட்டினால் படம் வரும். மாற்றி மாட்டினால் வராது. கேபிள் வாங்கும்போது "எதிலிருந்து எதற்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

சோதிக்க வேண்டிய வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதுதான் பொன்விதி. கேபிளையும் ரேமையும் ஒரே சமயத்தில் மாற்றி, படம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று கடைசி வரை தெரியாது.

1. இரண்டுக்கும் கரண்ட் வருகிறதா? இரண்டின் பவரையும் முழுவதும் எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். முதலில் மானிட்டர், பிறகு சி.பி.யு.

2. கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பின்களைப் பார்த்து, முழுதாகச் செருகுங்கள். வி.ஜி.ஏ. என்றால் திருகையும் முடுக்குங்கள்.

3. மானிட்டர் மெனுவில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு எச்.டி.எம்.ஐ. சாக்கெட் இருந்தால் ஒன்று, இரண்டு என்ற எண்ணையும் பாருங்கள்.

4. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும், மதர் போர்டில் இல்லை. இன்டெல் ஐ5-12400எஃப் போலப் பெயரின் கடைசியில் எஃப் என்று இருக்கும் புராசஸர்களில் உள் கிராபிக்ஸ் பயன்பாட்டுக்குக் கிடையாது. மதர் போர்டு சாக்கெட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

5. நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு மானிட்டர், இன்னொரு கேபிள், இன்னொரு கம்ப்யூட்டர். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். வீட்டு டி.வி.யையே மானிட்டராக மாட்டிப் பார்க்கலாம்.

6. லேப்டாப் என்றால் விண்டோஸ் கீயையும் பி (P) கீயையும் சேர்த்து அழுத்தி, படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

7. எந்த மானிட்டரிலும் படம் வரவில்லையா? இனிமேல்தான் சி.பி.யு.வைத் திறக்க வேண்டும். பவரை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். ஸ்பீக்கர் உள்ள போர்டுகளில் பீப் சத்தத்தின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அந்த போர்டின் கையேட்டில் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

தட்டக் கூடாது. 2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டி.வி.யைத் தலையில் தட்டிப் படம் வரவைத்த அனுபவம் நம் வீடுகளில் பலருக்கு உண்டு. அது பிக்சர் டியூப் காலம். விரிசல் விட்ட சால்டர் இணைப்பு, தட்டினால் ஒருகணம் ஒட்டிக்கொள்ளும். எல்.சி.டி. பேனல் மெல்லிய கண்ணாடி. தட்டினால் வரப்போவது விரிசல் ஒன்றுதான்.

திறக்கக் கூடாது. புது மானிட்டரின் மூடியை நெம்பினால் வாரன்ட்டி கைவிட்டுப் போக வாய்ப்புண்டு. பழைய பிக்சர் டியூப் மானிட்டர் என்றால் உயிருக்கே ஆபத்து. கலர் டியூபின் ஆனோடில் சுமார் 25,000 வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் அந்த சார்ஜ் உள்ளே நிற்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சாக்கெட் பின்களை மல்டிமீட்டர் முனையால் குத்தாதீர்கள். பின்கள் நெருக்கமானவை. முனை வழுக்கி ஷார்ட் ஆனால், இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகும்.

நண்பர்களே, மேலே சொன்னதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மாற்றிப் பார்ப்பது, எழுதி வைப்பது, மிச்சம் இருப்பதைச் சந்தேகிப்பது, அவ்வளவுதான். இதே முறை மோட்டாருக்கும் பொருந்தும், லாரி வயரிங்குக்கும் பொருந்தும், கோழிப் பண்ணையின் ஃபேன் கன்ட்ரோலருக்கும் பொருந்தும். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் நம் மார்க் ஷீட்டைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. நாம் சொல்வதை நம்பிக் கூப்பிடுகிறார்கள். "மானிட்டர் போயிருச்சு" என்ற வார்த்தையைச் சொல்ல நமக்கு ஒரு வினாடி போதும். அதற்கு முன்னால் ஒரு கேபிளையாவது மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வோம். அடுத்த முறை போன் வரும்போது பையில் ஒரு நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிளும், ஒரு டார்ச்சும், ஒரு வெள்ளைத் தாளும் இருக்கட்டும்.